அரிசிச் சிப்பமும் 180 படியும்

அக்கா மகன் ஃபயர்மேன் வேலைக்குத் தயாராகிறான். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். இவன் 6 நிமிடம் 5 விநாடியில் முடித்துவிட்டு, "வேலை கிடைச்ச மாதிரிதான் மாமா" என்கிறான். கயிறும் ஏறுகிறான், நீளமும் தாண்டுகிறான். எல்லாம் சரி. ஆனால் 28 வருட சர்வீஸில் ஒரு நாள்கூட நான் பனியனோடு கைவீசித் தீயை நோக்கி ஓடியதில்லை.

முதுகில் பிஏ செட் (புகைக்குள் மூச்சுவிட உதவும் காற்று சிலிண்டர்), காலில் கம்பூட், கையில் ஹோஸ். 63 மில்லிமீட்டர் ஹோஸ் 15 மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் ஏறினால், உள்ளே இருக்கும் தண்ணீரே 46, 47 கிலோ வரும். ஹோஸை இணைக்கும் கப்ளிங் எடையெல்லாம் தனி. ஒருமுறை பஞ்சு குடோனில் அதை மாடிப்படித் திருப்பத்தில் இழுத்தோம். மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் பாதி வளையம் கைப்பிடிச் சுவரில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. அன்று ஓட்டமா உதவியது? தொடையும் முதுகும், பிடி விடாத விரல்களும்தான்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1999-இல் தீயணைப்பு வேலைக்கு வருபவர்களுக்காக சிபேட் (CPAT) என்றொரு உடல்திறன் தேர்வைக் கொண்டுவந்தார்கள். கவசத்துக்கும் பிஏ செட்டுக்கும் பதிலாக 22.68 கிலோ எடைச் சட்டையை மாட்டிக்கொண்டு, 10 நிமிடம் 20 விநாடிக்குள் எட்டு வேலைகளை முடிக்க வேண்டும். ஹோஸ் இழுப்பது, ஏணி நிமிர்த்துவது, 75 கிலோ பொம்மையை இழுத்துவருவது என்று எல்லாமே இந்தத் தொழிலில் நிஜமாகச் செய்கிறவைதான். எனக்குப் பிடித்தது முதல் வேலை. அந்தச் சட்டைக்கு மேல் இன்னும் 11 கிலோ ஏற்றி, நிமிடத்துக்கு 60 படி வீதம் மூன்று நிமிடம் ஏற வேண்டும். மொத்தம் 180 படி.

எங்கள் குடியிருப்பில் ஒரு மாடிக்கு 20 படி. 180 என்றால் ஒன்பது மாடி. இருப்பதோ நான்கு. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை, 25 கிலோ அரிசிச் சிப்பத்தை மாப்பிள்ளை முதுகில் சேலையால் கட்டி, கீழ்ப்படியிலேயே ஏறி இறங்கச் சொன்னேன். தாளத்துக்கு என் போன். கையில் அவனுடைய ஸ்போர்ட்ஸ் வாட்ச்.

முதல் நிமிடம் சிரித்தான். இரண்டாவதில் பேச்சு நின்றது. முடிவில் நாடித்துடிப்பு 184. நான் பார்க்க நினைத்தது அதற்கப்புறம் நடப்பதை. சிப்பத்தை இறக்கி ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின்னும் 121. இத்தனைக்கும் அங்கே புகையில்லை, அனல் இல்லை, உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்ற பதற்றமும் இல்லை. அமெரிக்காவில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பணியில் இறந்த தீயணைப்பாளர்களில் 45 சதவீதம் பேரைக் கொண்டுபோனது நெருப்பல்ல, இதயம். என் கூட்டாளி ஒருவரும் அப்படித்தான் போனார். தீ அணைந்து, ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம்.

"இன்னொரு தடவை பாக்கலாமா மாமா?" என்றான், சுவரைப் பிடித்துக்கொண்டே.

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். சிப்பத்தின் ஒரு மூலை கிழிந்து, படியெல்லாம் பொன்னி அரிசி.