ஜாங்கோவில் எல்டாப் லாகின்: முதலில் டெர்மினல், அப்புறம்தான் செட்டிங்ஸ்

பைத்தானில் வலைத்தளம் கட்டும் ஜாங்கோவில் எல்டாப் லாகின், அதாவது நிறுவனத்தின் பயனர் பட்டியலான டைரக்டரியிடம் கேட்டு உள்ளே விடும் முறை, படிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் செட்டிங்ஸ் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார்கள். இரண்டு நாள் வீணாவது அங்கேதான். சர்வர் முகவரி தப்பா, தேடும் கிளை தப்பா, சான்றிதழ் சிக்கலா, நிஜமாகவே பாஸ்வேர்டு தப்பா, எதுவானாலும் லாகின் திரை ஒரே வாசகத்தைத்தான் காட்டும். அதனால் பைத்தானைத் தொடுவதற்கு முன் உபுண்டுவில், டெர்மினலிலிருந்தே டைரக்டரியைக் கேட்க உதவும் எல்டாப்-யூட்டில்ஸ் தொகுப்பைப் போடுங்கள். பழக டைரக்டரி எதுவும் கையில் இல்லையென்றால் ஸ்லாப்டி என்ற டைரக்டரி சர்வர் தொகுப்பையும் சேர்த்துப் போட்டு, இரண்டு பயனர், ஒரு குழு உருவாக்கிக்கொண்டால் போதும்.

உள்ளே நடப்பது இதுதான். ஜாங்கோ முதலில் ஒரு சர்வீஸ் அக்கவுண்டில் (தேடுவதற்கென்றே வைத்த கணக்கில்) பைண்ட் ஆகிறது, அதாவது டைரக்டரிக்குள் நுழைகிறது. பிறகு, பயனர் தட்டிய பெயரை ஃபில்டரில், அதாவது தேடல் நிபந்தனையில், வைத்துத் தேடுகிறது. சரியாக ஒரே ஒரு பதிவு கிடைத்தால், அதன் டிஎன்-ஐயும் (டைரக்டரியில் அந்தப் பதிவின் முழு முகவரி) தட்டிய பாஸ்வேர்டையும் கொண்டு மறுபடி பைண்ட் முயல்கிறது. தேடலில் எதுவும் வராவிட்டாலும், இரண்டு பதிவு வந்தாலும் கதவு திறக்காது. இந்த வரிசையை டெர்மினலில் கையால் செய்து பாருங்கள்: எல்டாப்சர்ச் கட்டளையில் சர்வீஸ் அக்கவுண்டைக் கொடுத்துப் பயனரைத் தேடுங்கள், கிடைத்த டிஎன்-ஐ எல்டாப்ஹூஆம்ஐ கட்டளையில் பயனரின் பாஸ்வேர்டோடு கொடுங்கள். இரண்டும் ஓடினால் முக்கால் வேலை முடிந்தது.

ஓடாவிட்டால் பிழை எண்ணைப் பாருங்கள். 32 என்றால் தேடல் தொடங்கும் கிளையே இல்லை. 49 என்றால் டிஎன் அல்லது பாஸ்வேர்டு தப்பு. மைக்ரோசாஃப்டின் டைரக்டரியான ஆக்டிவ் டைரக்டரி இந்த 49-க்குள் இன்னொரு குறியீட்டையும் ஒளித்து அனுப்பும்: 52இ என்றால் தப்பான பாஸ்வேர்டு, 532 காலாவதியான பாஸ்வேர்டு, 533 முடக்கிய கணக்கு, 773 பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும், 775 பூட்டப்பட்ட கணக்கு. இந்த ஐந்தையும் மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

இனி ஜாங்கோவை டைரக்டரியோடு இணைக்கும் ஜாங்கோ-ஆத்-எல்டாப் தொகுப்பு. பிப் மூலம் நிறுவும்போது "எல்பர்.ஹெச் கோப்பு இல்லை" என்று நின்றுவிட்டால், அதன் அடியில் இருக்கும் பைத்தான்-எல்டாப் கம்பைல் ஆகவில்லை என்று பொருள். லிப்எல்டாப்2-டெவ், லிப்சாஸல்2-டெவ் இரண்டையும் போட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ஃபில்டரில் பயனர் பெயரைத் தேடும் புலம், ஓபன்எல்டாப் (ஸ்லாப்டி இதன் சர்வர்தான்) என்றால் பெரும்பாலும் யுஐடி, ஆக்டிவ் டைரக்டரி என்றால் சாம்அக்கவுண்ட்நேம். பயனர் பெயருக்கான இடத்தில் அடைப்புக்குறிக்குப் பின்னால் வரும் அந்த ஒற்றை 'எஸ்' எழுத்தை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. விட்டால் பக்கமே 500 பிழையில் விழும். டெர்மினலில் ஓடிய தேடல் ஜாங்கோவில் ஆபரேஷன்ஸ் எரர் தந்தால், ஆக்டிவ் டைரக்டரியின் உச்சியிலிருந்து தேடுகிறீர்கள், அது ரெஃபரல், அதாவது 'வேறு சர்வரைக் கேள்' என்ற பதில், அனுப்புகிறது. கனெக்ஷன் ஆப்ஷனில் ரெஃபரல்ஸை 0 ஆக்குங்கள். அங்கேயே நெட்வொர்க் டைம்அவுட்டை 5 வினாடி என்று வையுங்கள். இல்லாவிட்டால் டைரக்டரி படுத்த நாளில் லாகின் பக்கமும் தொங்கும். ஜாங்கோவின் சொந்த லாகின் முறையான மாடல்பேக்எண்டை லாகின் முறைகளின் பட்டியலில் இரண்டாவதாக விட்டு, உள்ளூர் சூப்பர்யூசர் ஒருவரை வைத்துக்கொள்வதும் இதே நாளுக்காகத்தான்.

389 போர்ட்டில், இணைப்பைக் குறியாக்கம் செய்யும் ஸ்டார்ட் டிஎல்எஸ் இல்லாமல் போனால் பாஸ்வேர்டு கம்பியில் அப்படியே போகும். சான்றிதழில் சர்வர் பெயர் இருக்க, முகவரியில் ஐபி எண்ணைப் போட்டால் டிஎல்எஸ் மறுக்கும். அதற்காகச் சரிபார்ப்பையே அணைப்பது சோம்பேறித்தனம், பெயரைப் போடுங்கள். காலி பாஸ்வேர்டை ஏற்கும் அமைப்பு இயல்பாகவே அணைந்திருக்கும், அதைத் தொடாதீர்கள். டிஎன் கொடுத்துப் பாஸ்வேர்டைக் காலியாக விட்டால் சில சர்வர்கள் அடையாளமற்ற பைண்டாக எடுத்துக்கொண்டு வெற்றி என்று பதில் சொல்லிவிடும்.

குழுவில் ஒரு பொறி. குரூப்ஆஃப்நேம்ஸ் வகை உறுப்பினரின் முழு டிஎன்-ஐ வைத்திருக்கும். போசிக்ஸ்குரூப் வெறும் பெயரை வைத்திருக்கும். வகையை மாற்றிக் கொடுத்தால் பிழை எதுவும் வராது. லாகின் ஆகும், ஆனால் அட்மின் பக்கம் திறக்காது. ஜாங்கோ_ஆத்_எல்டாப் லாகரை டீபக் நிலையில் வைத்துப் பார்த்தால் எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரியும்.

பலர் தவறவிடுவது செஷன். குழு, அட்மின் உரிமைக் கொடி எல்லாம் லாகின் ஆகும் நொடியில்தான் கணக்கிடப்படுகின்றன. ஜாங்கோ செஷனோ இயல்பாக 12,09,600 வினாடி, அதாவது 14 நாள் நிற்கும். வேலையை விட்டுப் போனவரை டைரக்டரியிலிருந்து நீக்கினாலும், அவர் திறந்து வைத்த உலாவி உள்ளேயே இருக்கும். ஆயுளை 28,800 வினாடிக்கு, எட்டு மணி நேரத்துக்கு, இறக்குங்கள். அதோடு இரவில் ஒரு மேனேஜ்மென்ட் கமாண்ட் ஓட்டி, உள்ளூர் சூப்பர்யூசரைத் தவிர மற்ற ஒவ்வொருவருக்கும், டைரக்டரியிலிருந்து பயனரை மறுபடி எடுக்கும் பாப்புலேட்_யூசர் அழைத்துப் பாருங்கள். நன் (பைத்தானில் 'எதுவும் இல்லை') என்று வந்தவருக்கு செட்_அன்யூசபிள்_பாஸ்வேர்டு செய்து சேமித்தால், பாஸ்வேர்டு புலத்தில் புதிய சீரற்ற சரம் உட்காரும், செஷன் ஹாஷ் மாறும், பழைய செஷன்கள் எல்லாம் செத்துவிடும். டைரக்டரி படுத்திருந்தாலும் நன் வரலாம் என்பதால், கமாண்டின் முதல் வேலையாக இணைப்பைச் சோதியுங்கள். ஆக்டிவ் டைரக்டரியில் முடக்கிய கணக்கு தேடலில் இன்னும் கிடைக்கும். யூசர்அக்கவுண்ட்கண்ட்ரோலில் 2 என்ற பிட் உள்ளவர்களை ஃபில்டரிலேயே விலக்கினால்தான் அவர்களுக்கும் நன் வரும்.