டெட் செட்: ஃபியூஸை மாற்றுவதற்கு முன்

பழைய பிக்சர் டியூப் டிவி ‘ஆன் ஆகல’ என்று சொன்னால், எந்த அளவுக்கு ஆகவில்லை என்று முதலில் பார்க்க வேண்டும். ஸ்விட்சைப் போட்டதும் முன்னால் சிவப்பு எல்இடி எரிகிறதா? டீகாஸிங் காயில் (ஆன் ஆகும்போது டியூபின் காந்தத்தை நீக்கும் கம்பிச் சுருள்) ‘டும்’ என்று ஒரு சத்தம் கொடுக்கிறதா? கண்ணாடிக்கு அருகே கையைக் கொண்டுபோனால் முடி சிலிர்க்கிறதா? மூன்றும் இல்லாவிட்டால் அதுதான் டெட் செட். சிலிர்ப்பும் இருந்து, சத்தமும் வந்து, படம் மட்டும் வரவில்லையென்றால் அது வேறு வியாதி. இங்கே அதைப் பற்றிப் பேசப்போவதில்லை.

14 இஞ்ச், 21 இஞ்ச் கலர் செட்டுகள், 2006 முதல் தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 இஞ்ச் டிவிகள் உட்பட, பெரும்பாலும் ஒரே வழியில்தான் உயிர் பெறுகின்றன. 230 வோல்ட் ஏசி ஃபியூஸ் வழியாக நான்கு டயோட் பிரிட்ஜுக்குப் போகிறது. அங்கே டிசியாகி, 100 அல்லது 150 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் சேர்கிறது. அதை எஸ்எம்பிஎஸ் (வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்டேஜை மாற்றும் பவர் சப்ளை) வெட்டிக் கொடுக்க, மறுபக்கம் சுமார் 110 வோல்ட் பி பிளஸ், அதாவது செட்டின் முக்கிய சப்ளை, வருகிறது. கூடவே சின்னச் சின்ன சப்ளைகளும் வரும். அந்தப் பெரிய கண்டன்சரில் 300 இருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்வி வேலையைப் பாதியாக்கிவிடும்.

பின்மூடியைக் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிவிட்டால் மட்டும் போதாது. எஸ்எம்பிஎஸ் ஓடாத செட்டில் அந்த 300 வோல்ட் கண்டன்சரிலேயே நிமிஷக்கணக்கில் குந்தியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் அடித்து இறக்குவது பல கடைகளில் நடக்கிறது. போர்டின் செம்புத் தடம் பெயரும், கண்டன்சரும் அடிபடும். 100 வாட் குண்டு பல்பு ஹோல்டரில் இரண்டு ஒயர் இழுத்து, கண்டன்சரின் இரு காலிலும் வையுங்கள். பளிச்சென்று மின்னி அணைந்தால் சார்ஜ் இறங்கிவிட்டது. பிறகும் மீட்டரை வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டியூபின் முதுகில் ரப்பர் தொப்பி போட்ட இடம் 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் வாழ்ந்த இடம். பவர் சப்ளை வேலைக்கு அங்கே கை போகத் தேவையே இல்லை.

அளக்கும்போது ஒரு விஷயத்தில் நிறைய பேர் வழுக்குகிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு முன்பக்கம் ஒரு கிரவுண்ட், பின்பக்கம் வேறு கிரவுண்ட். முன்பக்கம் அளக்கக் கறுப்புப் புரோப் பெரிய கண்டன்சரின் மைனஸில் இருக்க வேண்டும்; பின்பக்கத்துக்கு டியூனரின் தகர உடம்பில். மாற்றி வைத்தால் மீட்டர் சொல்வதெல்லாம் பொய். முன்பக்கக் கிரவுண்ட் மெயின்ஸோடு சேர்ந்தது, தொட்டால் ஷாக் அடிக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

இனி ஃபியூஸ். கண்ணாடி சுத்தமாக இருந்து கம்பி மட்டும் அறுந்திருந்தால் வயதோ, மின்னலோ, ஒரு தடவை வந்த ஹை வோல்டேஜோ காரணமாக இருக்கலாம். கண்ணாடிக்குள் கறுப்பும் வெள்ளியுமாகப் பூசியிருந்தால் உள்ளே நேரடி ஷார்ட். அப்போது புது ஃபியூஸ் போடுவது காசைக் கொளுத்துவது. அதைவிட மோசம் ‘கொஞ்சம் பெரிய ஃபியூஸ்’ போடுவது. ஃபியூஸுக்குப் பதில் பிரிண்ட் தடமே எரியும்.

ஃபியூஸ் இடத்தில் சீரீஸ் லேம்ப்தான், அதாவது கரண்ட் போகும் வழியில் தொடராக மாட்டும் பல்புதான், உட்கார வேண்டும். 14 இஞ்சுக்கு 60 வாட், 21 இஞ்சுக்கு 100 வாட், இழை உள்ள குண்டு பல்பு. எல்இடி பல்பு இதற்கு உதவாது. அதற்கு முன் டீகாஸிங் காயிலின் கனெக்டரை உருவிவிடுங்கள். இல்லாவிட்டால் அது இழுக்கும் கரண்டில் பல்பு எரிந்து குழப்பும். உருவியதும் கோளாறே மறைந்துவிட்டால், குற்றவாளி அந்தக் காயிலுக்குப் போகும் கரண்டைச் சூடானதும் குறைக்கும் சதுரக் கறுப்பு டப்பா, பிடிசி. அதைக் கழற்றிக் காதோரம் குலுக்கினால் உள்ளே வில்லை உடைந்து கலகலக்கும்.

ஆன் செய்ததும் பல்பு முழு வெளிச்சத்தில் நின்றால் பிரிட்ஜ் டயோட், பெரிய கண்டன்சர், ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர் அல்லது ஐசி, இவற்றில் ஒன்று ஷார்ட். டிரான்சிஸ்டர் போயிருந்தால் அதை மட்டும் மாற்றாதீர்கள். அதன் எமிட்டரில் இருக்கும் 0.22, 0.47 ஓம் மாதிரியான சின்ன ரெசிஸ்டரும், பேஸ் பக்கத்து ஜீனர், சிறு டிரான்சிஸ்டர்களும் கூடவே போயிருக்கும். பார்க்காமல் விட்டால் புதியது ‘டப்’ என்று ஒரு நொடியில் போய்விடும்.

பல்பு எரியவே இல்லை, கண்டன்சரிலும் வோல்டேஜ் இல்லை என்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. மெயின்ஸ் கார்டு, தேய்ந்த பவர் ஸ்விட்ச், 3.3 அல்லது 4.7 ஓம் வெள்ளைச் சிமெண்ட் ரெசிஸ்டர். பத்து நிமிஷ வேலை.

பல்பு ஒரு மின்னல் அடித்து அணைகிறது, 300 இருக்கிறது, ஆனால் செட் ஊமை. அதிகம் வருவது இதுதான். 300-லிருந்து கன்ட்ரோல் பகுதிக்கு ஆரம்ப உயிர் கொடுக்கும் ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டரைத் தேடுங்கள். பெரும்பாலும் 100 கே (கிலோ ஓம்) முதல் 470 கே வரை ஏதோ ஒன்று. வெளியே கலர் கோடுகள் புத்தம் புதிதாக இருக்கும், ஒரு காலைத் தூக்கி அளந்தால் மெகா ஓம் காட்டும். முழு 300 வோல்ட்டையும் ஒரே அரை வாட் ரெசிஸ்டர் வருஷக்கணக்கில் தாங்குவதால் வரும் களைப்பு அது. 220 கே இருந்த இடத்தில் இரண்டு 100 கே-வைத் தொடராகப் போட்டால் பாரம் ஆளுக்குப் பாதி.

ரெசிஸ்டர் சரியென்றால் பக்கத்தில் நிற்கும் 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் குட்டிக் கண்டன்சரைச் சந்தேகிக்கலாம். காலையில் நாலைந்து தடவை ஸ்விட்ச் போட்டால்தான் வருகிறது, சூடானபின் பிரச்சினை இல்லை என்றால் இதுவேதான். தலை உலர்த்தும் டிரையரால் அதை மட்டும் சூடு காட்டுங்கள். செட் உடனே வந்தால் உள்ளே ஈரம் வற்றிவிட்டது. 105 டிகிரி சூடு தாங்கும் என்று போட்டதாக வாங்கி மாற்றுங்கள்.

முழு டெட் ஆகாமல் எல்இடி துடித்து, ‘டிக் டிக்’ சத்தம் வந்தால் கோளாறு பின்பக்கம். சப்ளை எழுந்திருக்கப் பார்க்கிறது, ஏதோ அமுக்குகிறது. படத்தின் கிடைக்கோடுகளை ஓட்டும் ஹரிசாண்டல் அவுட்புட் டிரான்சிஸ்டரைப் பாருங்கள், டி1555 அல்லது அதன் சொந்தக்காரர்கள். கலெக்டர், எமிட்டர் இடையே புரோப்பை மாற்றி மாற்றி வைத்தாலும் பூஜ்யம் என்றால் ஷார்ட். பேஸ், எமிட்டர் இடையே சில பத்து ஓம் காட்டினால் பதற வேண்டாம். உள்ளேயே ரெசிஸ்டர் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள்.

அதைக் கழற்றிவிட்டு, பி பிளஸுக்கும் பின்பக்கக் கிரவுண்டுக்கும் நடுவே 60 வாட் பல்பு ஒன்றைச் சுமையாக மாட்டி ஆன் செய்யுங்கள். பல்பு மங்கலாக எரிந்து மீட்டர் 110 பக்கம் நிலையாக நின்றால் சப்ளை நல்லது. 150-ஐத் தாண்டினால் ஆப்டோகப்ளர் (பின்பக்க வோல்டேஜை ஒளி வழியாக முன்பக்கத்துக்குச் சொல்லும் குட்டி ஐசி), அதைச் சுற்றிய ஃபீட்பேக் பகுதி கெட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது டிரான்சிஸ்டர் போட்டால் அதுவும் பலி. சப்ளை சரியாக இருந்தும் டிரான்சிஸ்டர் போனதென்றால், அதன் கலெக்டரில் நிற்கும் 1600 வோல்ட் அல்லது 2000 வோல்ட் கண்டன்சர், எல்ஓடி (டியூபுக்கு ஹை வோல்டேஜ் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர்), டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரின் டிரை சோல்டர் (விட்டுப்போன பற்றவைப்பு), இந்த மூன்றையும் பாருங்கள். டிரை சோல்டரை டார்ச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும்: காலைச் சுற்றி முடி போல ஒரு கறுப்பு வளையம் ஓடும். மேலே ஈயம் பூசாமல், பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

டிரான்சிஸ்டரில் டூப்ளிகேட் நிறைய. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் பத்து ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதென்று வாங்குவதைவிட, கழித்துக் கட்டிய பழைய போர்டிலிருந்து ஒரிஜினலைக் கழற்றிப் போடுவது மேல்.

கடைசியாக, டெட் செட் போல ஏமாற்றும் ஒன்று. எல்இடி நிலையாக எரிகிறது, 5 வோல்ட் இருக்கிறது, ரிமோட்டுக்கும் பட்டனுக்கும் அசையவில்லை என்றால் போர்டைக் குடைவதற்கு முன் முன்பக்க பட்டன்களைப் பாருங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் குட்டி ஸ்விட்சுகள் உள்ளுக்குள் கசியும். யாரோ விடாமல் அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று செட்டின் மூளையான மைக்ரோ ஐசி நினைத்துக்கொண்டு ரிமோட்டைக் காதில் வாங்காது. பிளக்கைப் பிடுங்கி, பட்டன் போர்டுக்குப் போகும் கனெக்டரை உருவி, மறுபடி ஆன் செய்து ரிமோட்டால் முயலுங்கள்.