மண் என்று நினைத்து ஏறிய திட்டு

லண்டன் வந்த முதல் வருடம். ஹேமர்ஸ்மித் பாலத்துக்குப் பக்கத்தில், நீர் வற்றும் நேரம் பார்த்து தேம்ஸ் கரையில் தன்னார்வலர்களாக இறங்கினோம். கடலின் ஏற்றவற்றம் இதுவரைக்கும் வரும். நாளுக்கு இரண்டு தடவை ஆறு ஒதுங்கிக் கரையைக் காட்டும். மண்மேடு என்று நினைத்து ஒரு திட்டில் ஏறினேன். கால் மெத்தென்று அமுங்கியது. "அது மண் இல்லை, வெட் வைப்ஸ்" என்றார் கூட்டிப்போனவர். துடைத்துவிட்டுத் தூக்கிப் போடும் ஈரத்தாள்கள். எனக்குக் குமட்டிவிட்டது.

இந்த ஊரில் மழைத்தண்ணீரும் சாக்கடையும் பல இடங்களில் ஒரே குழாயில் போகும். அப்போதெல்லாம் மழை வலுத்தால் குழாய் நிரம்பி ஆற்றில் விழும். கழிப்பறையில் போட்டதெல்லாம் கூடவே வந்து, ஆறு வளைந்து வேகம் குறையும் இடத்தில் சேற்றோடு படிந்துவிடும். 1957-ல் செத்துப்போன ஆறு என்று சொல்லப்பட்டு, இப்போது சீல் என்கிற கடல்நாய்கள் நீந்தும் அளவுக்குப் பிழைத்து வந்த ஆறு இது. அதற்குப் போய் இப்படிச் செய்கிறார்களே என்று ஆத்திரமாக வந்தது.

எங்கள் வேலை எண்ணுவது. ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைக் கரையில் வைத்து, உள்ளே கிடப்பதை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்வார். ஒன்றை இழுத்தேன். கிழியவில்லை. நைந்த வேட்டிக்கரை மாதிரி சேற்றிலிருந்து நீளமாக வந்தது.

அவ்வளவுதான், பாவநாசம் வந்துவிட்டது. படித்துறை, தாமிரபரணியின் அந்தக் குளிர்ச்சி, பரிகாரம் முடித்தவர்கள் ஆற்றோடு விட்ட துணிகள். முங்கி எழுந்தால் காலில் சுற்றும். அங்கேயும் ஆட்கள் இறங்கி மூட்டை மூட்டையாக எடுக்கிறார்கள்.

ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏட்டி, குப்பைய எண்ணவா லண்டனுக்குப் போன?" என்று சிரித்தாள். பிளாஸ்டிக் கலந்த வைப்ஸைத் தடை செய்யச் சொல்லிக் கேட்டவர்கள் கையில் இருந்தது இப்படிக் கரையில் எண்ணிய கணக்குதான் என்று விளக்கினேன்.

2025-ல் இயந்திரங்களை இறக்கி அந்தத் திட்டை அள்ளினார்கள். பார்க்கப் போயிருந்தேன். இது இப்போது என் ஆறு என்றே சொல்வேன். அள்ளிய கரையைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"தாத்தா காரியத்துக்கு அப்பா கட்டியிருந்த வேட்டிய நாமளும் ஆத்துலதானட்டி விட்டோம்?"

ஆமாம் என்றேன். அப்புறம் ரெண்டு பேரும் பேசவில்லை.