சமையலறை டைல்ஸில் இறுகிப்போன க்ரவுட்டை எடுத்த கதை

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுச் சமையல் மேடைக்கு மேலே 42 டைல்ஸ் ஒட்டியிருக்கிறேன். 12க்கு 8 அங்குலம், கரும்பச்சை, மேட் வகை செராமிக். முழுக்க என் கையால் ஒட்டியது, ஒரு டைல்கூட ஏறி இறங்கி நிற்கவில்லை. சிக்கல் மறுநாள் க்ரவுட், அதாவது டைல்ஸுக்கு நடுவே உள்ள இடுக்கை அடைக்கும் சிமெண்ட் கலவை, பூசும்போதுதான் வந்தது.

அக்னி நட்சத்திர சமயம். மதியம் 2 மணிக்குக் கலக்கினேன். வேலூர் வெயிலில் அந்த நேரத்துக்கு ஜன்னல் பக்கச் சுவரைத் தொட்டாலே சுடும். எல்லா இடுக்கிலும் பூசி முடித்துவிட்டு மொத்தமாகத் துடைக்கலாம் என்று நினைத்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் முதலில் பூசிய மூலை இறுகிவிட்டது. வழக்கமாக 15 முதல் 30 நிமிடத்துக்குள் ஈர ஸ்பான்ச்சால் துடைக்க வேண்டும். சூடான சுவரில் அவ்வளவு அவகாசம் கிடைக்காது. நாலைந்து டைல்ஸ் பூசியதும் துடைத்துவிட்டு அடுத்ததுக்குப் போயிருக்க வேண்டும்.

அன்றைக்கு அழுத்தித் துடைத்தபோது சுவர் பளிச்சென்றுதான் இருந்தது. ராத்திரி விளக்கைப் போட்டால், சாம்பல் பூசணிக்காய் மேல் மாவு படிந்திருக்குமே, அப்படி ஒவ்வொரு டைலும் வெளுத்துக் கிடந்தது. ஈரமாக இருக்கும்வரை இந்தப் படலம் கண்ணுக்குத் தெரியாது, காய்ந்த பிறகுதான் தெரியும். இது புரியாமல் இரண்டு நாள் தண்ணீர் தொட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

பக்கத்துத் தெரு மேஸ்திரி அண்ணன் வந்து பார்த்தார். "இன்னாம்மா இது, இப்படிப் பூத்துக் கெடக்குது? ஆசிட் வாங்கியாந்து ஊத்தும்மா, ஒரே நிமிசத்துல போய்டும்" என்றார். உண்மைதான், போய்விடும். ஆனால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் படலத்தோடு நிற்காது, இடுக்கில் இருக்கும் சிமெண்டையும் அரிக்கும். அதன் புகை பட்டால் ஸ்டீல் குழாய் துருப்பிடிக்கும். மூடின சமையலறையில் நெஞ்சை அடைக்கும். அதனால் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மீந்துபோன டைல் ஒன்றில் க்ரவுட்டைத் தடவிக் காயவைத்து, அதில்தான் எல்லாவற்றையும் சோதித்தேன். ஸ்டீல் நார் போட்டுத் தேய்த்ததில் பென்சிலால் கிறுக்கின மாதிரி சாம்பல் கோடுகள் விழுந்தன. பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினால் தடித்த கட்டிகள் மட்டும் வந்தன. ஒரு சொட்டு வினிகர் விட்டுக் கிட்டத்தில் பார்த்தேன். ஓரத்தில் கடுகைவிடச் சின்னதாகக் குமிழ்கள் கிளம்பின. சிமெண்ட் க்ரவுட் அமிலத்துக்கு இளகும், சரி. இரண்டு டப்பாவைக் கலந்து பூசுகிற எபாக்ஸி க்ரவுட்டாக இருந்தால் இந்த வழி உதவாது, அதற்கென்று விற்கிற ரிமூவர்தான் வேண்டும்.

42 டைலுக்கு வினிகர் கட்டுப்படியாகாது. 50 கிராம் எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் ஆசிட் தூளை, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்துக்கொண்டேன். இடுக்கு நன்றாக இறுகட்டும் என்று இரண்டு வாரம் பொறுத்திருந்தேன்.

ஞாயிறு காலை 6 மணிக்கு ஆரம்பித்தேன். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, கடப்பா மேடை முழுக்க பிளாஸ்டிக் விரித்தேன். முதல் வேலை, இடுக்குகளில் வெறும் தண்ணீரை ஸ்ப்ரே செய்வது. இடுக்கு முன்பே தண்ணீர் குடித்திருந்தால் அமிலத்தை உள்ளே இழுக்காது. சுவரில் கரைசல் நிற்காமல் வழிந்துவிடும் என்பதால், பழைய குடியாத்தம் லுங்கியை டைலைவிடக் கொஞ்சம் சின்னத் துண்டுகளாக வெட்டி, கரைசலில் நனைத்துப் பிழிந்து ஒட்டினேன். துண்டு டைல் மேல் மட்டும் உட்கார்ந்தது, இடுக்கு தப்பித்தது. 7 நிமிடம் கழித்து எடுத்துவிட்டு நைலான் ஸ்க்ரப்பரால் லேசாகத் தேய்த்தால் பால் மாதிரி வெள்ளை நீர் இறங்கியது. எனக்கு அது அவ்வளவு சந்தோஷம்! பிறகு இரண்டு முறை நல்ல தண்ணீர், ஒரு முறை ஆப்ப சோடா கலந்த தண்ணீர், மறுபடி நல்ல தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அது காய்ந்தாலே தனியாக ஒரு வெள்ளைக் கோடு விழும். அதனால் கடைசித் துடைப்புக்குக் கேன் தண்ணீர்.

ஃபேனைப் போட்டு நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த சுற்று வேண்டுமா என்று முடிவு செய்தேன். பெரும்பாலான டைல்ஸ் ஒரே சுற்றில் தெளிந்தன. முதலில் பூசிய அந்த மூலைக்கு மூன்று சுற்று ஆனது.

ஒரு இழப்பும் உண்டு. பிளாஸ்டிக் விலகின இடத்தில் சில சொட்டு மேடையில் விழுந்து, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கறுப்பு மங்கிவிட்டது. கடப்பா சுண்ணாம்புக் கல், எலுமிச்சை உப்புகூட அதன் பாலிஷைத் தின்றுவிடும். தேங்காய் எண்ணெய் தடவியதில் நிறம் ஓரளவு வந்தது, சாய்ந்து பார்த்தால் இன்னும் தெரிகிறது.

ஸ்விட்ச் போர்டை ஒட்டின இரண்டு டைல்ஸ் பாக்கி. வரும் ஞாயிறு மெயினை அணைத்துவிட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் மட்டும் துடைக்கப்போகிறேன். அதற்கடுத்த வாரம் பாத்ரூம் சுவர். க்ரவுட் கலக்குவது விடிகாலை ஐந்தரைக்கு.