மரமே இல்லாத கூரை

சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயம் என்றாலே, 1753-ல் ராபர்ட் கிளைவுக்கு அங்கேதான் கல்யாணம் நடந்தது என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தக் கல்யாணத்தில் எனக்கு அக்கறை இல்லை. நான் மேஸ்திரி வீட்டில் பிறந்தவன், பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு. உள்ளே நுழைந்ததும் என் கண் கூரைக்குத்தான் போகும்.

அந்தக் கூரையில் ஒரு மரச்சட்டம்கூடக் கிடையாது. பழைய மெட்ராஸ் வீடுகளில் தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் செங்கல்லை நட்டு ஒட்டியிருப்பார்கள். இங்கே இரண்டடிக் கனத்தில் மூன்று வளைவுக் கூரைகள், பக்கத்துக்குப் பக்கமாக. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது என்பதுதான் காரணம். வடிவமைத்தவர் கோட்டையின் பீரங்கிப் படையைச் சேர்ந்த எட்வர்ட் ஃபௌல் என்று சொல்கிறார்கள். கூரையைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் கவர்னராக இருந்தபோது, 1678-ல் வேலை தொடங்கி 1680 அக்டோபர் 28-ல் பிரதிஷ்டை செய்தார்கள். செலவுக்குக் கோட்டையில் இருந்தவர்களே பணம் போட்டார்கள்.

வளைவுக் கூரை எப்போதும் சுவரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். நடுக்கூரை தள்ளுவதை இரண்டு பக்கக் கூரைகளும் எதிர்த்து நிற்கின்றன. மிச்சத்தை நாலடிக் கனமுள்ள வெளிச்சுவர்கள் வாங்கிக்கொள்கின்றன. இரும்புக் கம்பி இல்லாமல் இந்தக் கணக்கு முந்நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் நிற்கிறது. மரமே இல்லாததால் கூரையில் கரையானுக்கும் வேலையில்லை.

1758 டிசம்பரில் லல்லியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டது. அப்போது ஆங்கிலேயர் இடுகாடு கோட்டைக்கு வெளியே, பிறகு சட்டக் கல்லூரி வந்த இடத்தில் இருந்தது. உயரமான சமாதிகள் எதிரிக்கு நல்ல மறைவாகப் போயின. முற்றுகை முடிந்ததும் ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றையும் இடித்து, எழுத்து வெட்டிய கற்களைக் கொண்டுவந்து தேவாலயத்தைச் சுற்றித் தரையாகப் பாவிவிட்டார்கள். லத்தீன், போர்த்துகீசியம், ஆர்மேனியம், ஆங்கிலம் எல்லாம் அங்கே காலடியில் கிடக்கின்றன. கோட்டைத் தலைவர் ஆரோன் பேக்கரின் மனைவி, 1652-ல் இறந்த எலிசபெத் பேக்கரின் கல்லும் அங்கேதான். ஓரங்களில் பூவேலை, நடுவே எழுத்து. காலை வெயில் சாய்வாக விழும்போது மட்டும் சில வரிகள் தெளிவாகத் தெரியும், உச்சி வெயிலில் வெறும் கல்தான். ஒரு ஆர்மேனியக் கல்லின் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். உளி போன ஆழம் ஒரு முனையில் நன்றாக இருக்கிறது, ஆள் நடக்கிற முனையில் வழித்தெடுத்த மாதிரி மழுங்கிவிட்டது. நடைபாதையை அந்தக் கற்களை விட்டுத் தள்ளிப் போட்டால் தேவலை.

பீரங்கிக்குத் தப்பிய கட்டடங்கள் பல சிமெண்டுக்குத் தப்புவதில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பழைய கோயில். சுவரில் ஓதம் ஏறுகிறது என்று கமிட்டிக்காரர்கள் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினார்கள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. தண்ணீர் சுவருக்குள்ளேயே நிற்கும், உப்பு செங்கல்லில் பூக்கும், செங்கல் பொரிந்து மாவாகக் கொட்டும். இரண்டு மழைக்காலத்தில் பூச்சு அப்படியே பலகையாகக் கழன்று விழுந்தது. கூடவே பழைய செங்கல்லின் முகமும் போயிற்று. அதைத் திரும்ப வாங்க முடியாது.

செயின்ட் மேரி நிற்கிற இடம் கடற்காற்று நேராக அடிக்கிற இடம். கட்டிய நாளில் அலை கோட்டை மதிலுக்கு அருகிலேயே வந்து போனது. இப்படிப்பட்ட சுவருக்கு நீற்றுச் சுண்ணாம்பைப் பல நாள் ஊறவைத்து, மணலோடு செக்கில் அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் சேர்த்த காரைதான் சரி. அதற்குப் பொறுமை வேண்டும், கூலியும் கூட ஆகும். தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் ஊர்க் கோயிலில் பூச்சு உதிர்ந்தால், சிமெண்ட் மூட்டை இறக்குவதற்கு முன்னால் அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டுச் சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.