சீகேமில் ஒரு வாய் தண்ணீர்

நாப்லுஸுக்குள் நுழையும்போது இடப்பக்கம் கெரிசீம் மலை, வலப்பக்கம் ஏபால். வேதத்தில் வரும் சீகேம் இந்த ஊர்தான். பலாட்டா பகுதியில், வீடுகளுக்கு நடுவே பழைய மதிலும் ஒரு கோயிலின் அடித்தளமும் நட்டுவைத்த பெரிய கல்லும் இன்னும் இருக்கின்றன.

சாலொமோனுக்குப் பின் அவன் மகன் ரெகொபெயாமை ராஜாவாக்க இஸ்ரவேலர் கூடியது இங்கேதான். கி.மு. 930-ஐ ஒட்டிய காலம். ஜனங்கள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை: உம்முடைய தகப்பன் வைத்த நுகத்தைக் கொஞ்சம் இலகுவாக்கும். ராஜா மூன்று நாள் தவணை சொன்னான். நல்ல வார்த்தை பேசும் என்றார்கள் முதியோர். அவனோ கூட வளர்ந்த வாலிபர் சொல் கேட்டு, அப்பா சவுக்கால் அடித்தார், நான் தேள்களால் தண்டிப்பேன் என்றான். பத்துக் கோத்திரங்கள் பிரிந்து வடக்கே தனி ராஜ்யமாயின. தெற்கே எருசலேம் ஆலயத்துக்கு யாரும் போகாதிருக்க வடக்கின் ராஜா பெத்தேலிலும் தாணிலும் பொன் கன்றுக்குட்டிகளை வைத்தான். வடக்கு கி.மு. 722-ல் அசீரியரிடம் விழுந்தது, தெற்கு 586-ல் பாபிலோனியரிடம். அதுவரை ஒன்று சேரவே இல்லை.

மூன்று நாள் இருந்ததே! என் மனம் அதிலேயே நின்றுவிட்டது. எங்கள் சபை பிரிந்த கூட்டத்தில் எனக்கு மூன்று நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. கணக்குக் கேட்டவர்களிடம், "இஷ்டமில்லாதவங்க வேற கோயில் பாத்துக்கலாம்" என்று சொன்னவன் நான். பார்த்துக்கொண்டார்கள். இப்போது ஒரே தெருவில் இரண்டு மணி அடிக்கிறது.

சீகேமின் அந்தப் பழைய மதிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் யாக்கோபின் கிணறு. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஆலயத்துக்குள், படி இறங்கிப் போகவேண்டும். சுமார் 40 மீட்டர் ஆழம். பிரிவினை நடந்து தொள்ளாயிரம் வருஷத்துக்கும் மேலாகியும் யூதரும், பழைய வடக்கு ராஜ்யத்தின் பகுதியில் வாழ்ந்த சமாரியரும் சம்பந்தம் கலவாதிருந்த நாளில், இயேசு களைத்துப்போய் இங்கே உட்கார்ந்தார். பழைய வழக்கை எடுக்கவில்லை. தாகத்துக்குத் தா என்றுதான் அந்தச் சமாரியப் பெண்ணிடம் பேச்சைத் தொடங்கினார். கேட்கிற இடத்தில் தம்மை வைத்துக்கொண்டார்.

எங்கள் குழுவில் அந்தப் பக்கத்துச் சபை அக்கா ஒருவரும் வந்திருந்தார். விமானம் ஏறியதிலிருந்து இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாளி மேலே வந்தது. தம்ளர் கைமாறிக் கைமாறி அவரிடம் போய் நின்றது.

"அக்கா, எனக்குக் கொஞ்சம் தண்ணி தாங்க."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினார்.