வென்றவருக்கு 54 கிலோ

பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப் என்ற கார் பந்தயத் தொடரின் 2019 சீசனில், பட்டியலின் நடுப்பகுதியில் ஓடிக்கொண்டிருந்த ஓர் அணியில் இளநிலைப் பொறியாளராகப் பணியாற்றினேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் தலைமைப் பொறியாளர் என்னிடம் ஒப்படைத்தது மடிக்கணினியை அல்ல, பூட்டுப் போட்ட ஒரு பெட்டியை. அதற்குள் எடைத் தகடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. இந்த ஆண்டு முழுவதும் இந்தப் பெட்டி உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். காரை வேகமாக ஓடவைக்கும் கலையைக் கற்றுக்கொள்ள வந்தவனிடம் காரைக் கனமாக்கும் பொருளைக் கொடுத்துவிட்டாரே என்று எனக்குச் சிறிது ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அந்தப் போட்டியின் விதிகளைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. சக்சஸ் பாலாஸ்ட் என்று அழைக்கப்பட்ட அந்தச் சுமை, நன்றாக ஓடியவரின் காரில் 2021 வரை ஏற்றப்பட்ட கூடுதல் எடை. அந்த ஆண்டு புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் தகுதிச் சுற்றிலும் அன்றைய முதல் பந்தயத்திலும் 54 கிலோவைச் சுமக்க வேண்டும். இரண்டாமவருக்கு 48 கிலோ. அதன் பிறகு படிப்படியாகக் குறையும். இரண்டாவது பந்தயத்துக்கான சுமையை முதல் பந்தயத்தின் முடிவும், மூன்றாவதற்கானதை இரண்டாவதன் முடிவும் தீர்மானிக்கும். ஒரு வார இறுதியில் மூன்று பந்தயங்கள், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பத்து வார இறுதிகள், ஆக மொத்தம் முப்பது பந்தயங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பந்தயம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் தகடுகளைக் கழற்றுவதும் மாட்டுவதும், அதற்கேற்பக் காரின் உயரத்தையும் நான்கு சக்கரங்களின் மேல் இறங்கும் எடையையும் சரிபார்ப்பதும்தான் என் வேலையின் சாரம்.

எடை கூடினால் கார் மெதுவாகும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். எப்படி மெதுவாகிறது என்பதைத்தான் நான் அங்கே கற்றுக்கொண்டேன். எங்களுடையது முன் சக்கரங்களால் இழுக்கப்படும் கார். அந்த இரண்டு டயர்களே காரைத் திருப்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும், பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு சுமையைத் தாங்கவும் வேண்டும். கூடுதல் எடையின் பாதிப்பு முதல் மூன்று சுற்றுகளில் கண்ணுக்கே தெரியாது. ஏழாவது எட்டாவது சுற்றில் முன் டயர்கள் சூடேறி, வளைவுகளில் கார் ஓட்டுநர் திருப்பிய பக்கம் திரும்பாமல் வெளிப்பக்கமாக நழுவத் தொடங்கும். அதைச் சமாளிக்க அவர் ஸ்டீயரிங்கை இன்னும் அதிகமாகத் திருப்புவார். டயர் இன்னும் சூடேறும். பந்தயம் முடிந்து கார் திரும்பியதும் மண்டியிட்டு, ஊசி முனையுள்ள வெப்பமானியை டயரின் உள்விளிம்பிலும் நடுவிலும் வெளிவிளிம்பிலும் குத்தி அளவெடுப்பேன். சுமையோடு ஓடிய நாள்களில் முன் டயர்களின் வெளிவிளிம்பு ரப்பர் உருண்டு திரண்டு, கையுறையில் ஒட்டிக்கொண்டு வரும். அந்த வாசனையை வைத்தே அன்று மாலை ஓட்டுநர் என்ன குறை சொல்வார் என்று ஊகிக்க முடியும் என்ற நிலைக்கு ஜூன் மாதத்தில் வந்திருந்தேன்.

தடத்துக்குத் தடம் இந்தச் சுமை வேறு வேறு முகம் காட்டியது. ஹாம்ப்ஷயரில் பழைய விமானத் தளத்தின் மேல் அமைந்த த்ரக்ஸ்டன், பிரிட்டனின் மிக வேகமான தடம் எனப் பெயர் பெற்றது. ராக்கிங்ஹாம் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டதால் அந்த ஆண்டு மே, ஆகஸ்ட் என இரண்டு முறை அங்கே போனோம். நீண்ட, வேகமான வலப்பக்க வளைவுகளில் இடப்பக்க டயர்கள் படும் பாட்டைப் பார்க்க வேண்டும்; அங்கே கடினமான ரப்பரைத்தான் மாட்டுவார்கள், அப்படியும் அது தாங்குமா என்ற கவலை கடைசிச் சுற்று வரை போகாது. ஸ்காட்லாந்தின் நாக்ஹில்லோ நேர்மாறு. இரண்டு கிலோமீட்டர் அளவே உள்ள குறுகிய தடம். கடைசிக் கொண்டை ஊசி வளைவிலிருந்து மேட்டில் ஏறித்தான் முடிவுக்கோட்டை அடைய வேண்டும். நின்ற நிலைக்கு அருகில் வந்துவிட்ட காரை மேட்டில் இழுத்துச் செல்லும்போது ஒவ்வொரு கிலோவும் கணக்கு கேட்கும். சில்வர்ஸ்டோனின் குறுகிய தடத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஒரு சுற்று ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஏறத்தாழ எல்லாக் கார்களும் ஒரு நொடி இடைவெளிக்குள் நெருக்கியடித்து நிற்கும். அங்கே தகுதிச் சுற்றில் நாங்கள் பட்ட பாட்டை மறக்கவே விரும்புகிறேன்.

என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். அது ஜூன் மாதம், வட யார்க்‌ஷயரில் உள்ள கிராஃப்டில் நடந்தது. இரண்டாவது பந்தயம் முடிந்ததும் தற்காலிக முடிவுகளின்படி தகடுகளை மாட்டி, உயரத்தைச் சரிபார்த்து, தாளில் கையொப்பமிட்டுவிட்டேன். சிறிது நேரத்தில் எங்களுக்கு முன்னால் வந்த ஒருவருக்கு நடுவர்கள் தண்டனை விதித்ததால் எங்கள் ஓட்டுநர் ஓர் இடம் முன்னேறினார். கூடாரத்தில் எல்லோரும் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். ஓர் இடம் முன்னேறினால் ஆறு கிலோ கூடும் என்பது எனக்குத் தெரியும். கூடுதல் தகட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தது வரை நினைவிருக்கிறது. அந்த நேரம் பார்த்து மெக்கானிக் ஒருவர் பிரேக் பட்டைகளின் தேய்மானத்தை அளக்க என்னைக் கூப்பிட்டார். திரும்பி வந்தபோது யாரோ மேசைமேல் ஒரு துணியைப் போட்டிருந்தார்கள். கார் கிளம்பிப் போய், கிரிட் எனப்படும் தொடக்க வரிசைக்குச் செல்லும் கார்கள் வரிசையாகக் காத்திருக்கும் இடத்தில் நின்ற பிறகு, கை துடைக்க அந்தத் துணியை எடுத்தேன். அடியில் தகடு கிடந்தது.

தகட்டை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அணிகளின் கூடாரங்கள் இருக்கும் பேடாக்கின் குறுக்கே ஓடினேன். ஆறு கிலோ ஒன்றும் பெரிய எடை அல்ல. ஆனால் ஓடும்போது வழுக்கும். பாதி வழியில் அது கையிலிருந்து நழுவித் தார்ச்சாலையில் மூலை குத்தி விழுந்தது. எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினேன். தொழில்நுட்ப அதிகாரியிடம் மூச்சிரைக்க விஷயத்தைச் சொல்லி, அவர் பார்த்துக்கொண்டிருக்கவே பயணி இருக்கைப் பக்கமுள்ள பெட்டியில் தகட்டை வைத்தபோது, நசுங்கிய மூலை உள்ளே இறங்க மறுத்தது. தலைமை மெக்கானிக் எதுவும் பேசாமல் அரத்தை எடுத்து நான்கு இழுப்பு இழுத்தார்; தகடு இறங்கியது. பந்தயம் முடிந்து எடை பார்க்கும்போது குறைந்திருந்தால் அந்தப் பந்தயத்தின் முடிவையே எங்களிடமிருந்து பறித்திருப்பார்கள். அன்று மாலை தலைமைப் பொறியாளர் என்னைத் திட்டவில்லை. கையொப்பமிட்ட பிறகு தாள் மாறினால் பழைய தாளைக் கிழித்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு என் சட்டைப் பையில் ஒருபோதும் ஒன்றுக்கு மேற்பட்ட தாள் இருந்ததில்லை.

வென்றவரைத் தண்டிக்கும் இந்த ஏற்பாடு நியாயமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. தொடக்கத்தில் நியாயமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். மூன்றாவது பந்தயத்துக்கு, முன்னணியில் உள்ளவர்களின் தொடக்க வரிசையைச் சீட்டுக் குலுக்கித் தலைகீழாக்குவதைப் பார்த்தபோது இது விளையாட்டா வேடிக்கையா என்றுகூடத் தோன்றியது. பருவத்தின் நடுவில் என் எண்ணம் மாறியது. கனமான காரை வைத்துக்கொண்டு ஆறாவது இடத்தில் வருவதற்கு, லேசான காரில் வெல்வதைவிடக் கூடுதலான வேலை தேவைப்படுகிறது. அப்போது முதலிடத்துக்கு 20 புள்ளிகள், இரண்டாம் இடத்துக்கு 17, மூன்றாம் இடத்துக்கு 15. பதினைந்தாவதாக வருபவருக்கும் ஒரு புள்ளி உண்டு. தகுதிச் சுற்றில் முதலிடமான போல் எடுத்தால் ஒன்று, மிக வேகமான சுற்றுக்கு ஒன்று, ஒரு சுற்றேனும் முன்னணியில் ஓடினால் ஒன்று. முப்பது பந்தயங்களில் இந்தச் சில்லறைகளைப் பொறுக்கிச் சேர்ப்பவரே கடைசியில் மேலே நிற்பார். வடக்கு அயர்லாந்தைச் சேர்ந்த கொலின் டர்கிங்டன் அந்த ஆண்டு பிஎம்டபிள்யூ 330ஐ காரில் செய்தது பெரும்பாலும் இதைத்தான். அதிகச் சுமையோடு அவர் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ அமைதியாக வந்து சேரும் பந்தயங்களைத்தான் நான் கவனமாகப் பார்ப்பேன். அவருடையது பின் சக்கரங்களால் தள்ளப்படும் கார் என்பதால் முன் டயர்களுக்கு எங்களுடையதைப் போல் இரட்டை வேலை இல்லை என்பதும் உண்மை. அந்தப் பொறாமையை மறைக்க வேண்டியதில்லை.

அக்டோபர் 13, கென்ட்டில் உள்ள பிராண்ட்ஸ் ஹாட்சின் நீளமான தடம். இரண்டாவது பந்தயத்தில் டர்கிங்டனின் கார் சுழன்று பின்வரிசைக்குப் போய்விட்டது. கடைசிப் பந்தயத்தில் அவர் பின்னாலிருந்து ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டிருக்க, ஹோண்டா சிவிக்கில் டேன் கேமிஷ் பட்டத்தைக் கையில் பிடித்துவிட்ட நிலையில் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். முடிய இரண்டு சுற்றுகளே இருந்தபோது, ஹாத்தார்ன் வளைவில் அவருடைய பிரேக் செயலிழந்து கார் தடத்தை விட்டு வெளியேறியது. எங்கள் கூடாரத்தின் திரைமுன் நின்றிருந்த யாரும் பேசவில்லை. எங்கள் ஓட்டுநர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார் என்பதைக்கூட ஒரு கணம் மறந்திருந்தோம். டர்கிங்டன் 320 புள்ளிகளுடன் நான்காவது முறையாகப் பட்டம் வென்றார். கேமிஷும் ஆண்ட்ரூ ஜோர்டனும் ஆளுக்கு 318. ஆறு மாதங்களில் இரண்டு புள்ளிகள். 1958இல் நடந்த முதல் சாம்பியன்ஷிப்பில் ஜாக் சியர்ஸும் டாமி சாப்வித்தும் சமநிலையில் முடித்ததால், இதே பிராண்ட்ஸ் ஹாட்சில் இரண்டு ரைலி கார்களை வைத்துத் தனியாக ஓடவிட்டு வெற்றியாளரைத் தீர்மானித்தார்கள் என்று முதிய மெக்கானிக் ஒருவர் மெல்லிய குரலில் சொன்னார். அப்போது அதைக் கேட்க யாருக்கும் மனமில்லை.

இருட்டத் தொடங்கியதும் கூடாரத்தைப் பிரித்தார்கள். நான் காரின் உள்ளே குனிந்து தகடுகளைக் கழற்றி, ஒவ்வொன்றாகத் துடைத்து, எண்ணிப் பெட்டியில் அடுக்கினேன். மூலை அராவப்பட்ட தகடு கடைசியாக வந்தது. அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டுமே. பெட்டியைப் பூட்டி, சாவியைத் தலைமைப் பொறியாளரிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, லாரியில் ஏற்றும்போது இந்தப் பெட்டியை அச்சுக்கு மேலே வைக்கச் சொல், பின்னால் வைத்தால் வண்டி ஆடும் என்றார்.